ஒப்பந்தச் சட்டம்: முதலாண்டு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சட்டக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களும், பி.காம். படிப்பில் வணிகச் சட்டத்தை ஒரு தாளாக எழுதுபவர்களும் முதலில் சந்திப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை. பலர் பிரிவு எண்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தேர்வில் ஒரு சம்பவத்தைக் கொடுத்து "இதில் யாருக்கு என்ன உரிமை?" என்று கேட்டதும் தடுமாறிப்போகிறார்கள். கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது என்று தெரியாததுதான் காரணம். உடன்பாடு உண்டானதா? உண்டானால் சட்டத்தின் முன் நிற்குமா? நின்றால் மீறப்பட்டதா? மீறினால் என்ன கிடைக்கும்? இந்த வரிசையை விட்டுத் தாண்டாதீர்கள். கீழே உள்ள பதில்களும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகின்றன.

இந்தச் சட்டத்தில் என்னென்ன இருக்கிறது? முழுவதையும் படிக்க வேண்டுமா?

1872 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. முதல் 75 பிரிவுகள் எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான விதிகள். புதியவர்கள் நேரம் செலவிட வேண்டியது அங்கேதான். 124 முதல் ஈட்டுறுதியும் (மற்றவரின் நஷ்டத்தை ஈடுகட்டுவதாகத் தரும் வாக்கு) ஜாமீனும், 148 முதல் ஒப்படைப்பும் (பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவரிடம் கொடுத்துவைப்பது) அடகும், 182 முதல் 238 வரை முகவாண்மையும் (ஒருவருக்காக இன்னொருவர் செயல்படுவது) வருகின்றன. நடுவில் எண்கள் விடுபட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சரக்கு விற்பனைக்கு 1930-லும் கூட்டாண்மைக்கு 1932-லும் தனிச் சட்டங்கள் வந்ததால், அந்தப் பகுதிகள் இதிலிருந்து நீக்கப்பட்டன.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிரிவுகளுக்குக் கீழே வரும் உதாரணங்களைத் தாண்டிப் போகாதீர்கள். அவையும் சட்டத்தின் பகுதிதான். 29-ஆம் பிரிவு தெளிவில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது. "நூறு டன் எண்ணெய்" விற்பதாக ஒருவர் ஒப்புக்கொண்டால் எந்த எண்ணெய் என்று தெரியாது, ஆகவே செல்லாது. ஆனால் அவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால், அது நூறு டன் தேங்காய் எண்ணெய்க்கான நல்ல ஒப்பந்தம். இரண்டும் சட்டத்தில் அச்சாகியிருக்கும் உதாரணங்கள். பிரிவின் வாசகத்தைப் பத்து முறை படித்தாலும் கிடைக்காத தெளிவு இந்த இரண்டில் கிடைத்துவிடுகிறது.

உடன்பாட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன வேறுபாடு?

ஒருவர் முன்மொழிகிறார், மற்றவர் ஏற்கிறார், இருபுறமும் ஏதோ ஒன்று கைமாறுகிறது என்றால் அது உடன்பாடு. நீதிமன்றம் போய் நிறைவேற்றக் கேட்கக்கூடிய உடன்பாடுதான் ஒப்பந்தம். எல்லா ஒப்பந்தமும் உடன்பாடு, எல்லா உடன்பாடும் ஒப்பந்தம் ஆகிவிடாது. எது ஆகும் என்பதைச் சொல்வது 10-ஆம் பிரிவு: தகுதியுள்ள தரப்பினர், சுதந்திரமான சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட மறுபயன் (வாக்குக்குப் பதிலாக மற்றவர் தருவது அல்லது செய்வது), சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம், அப்புறம் இந்தச் சட்டமே செல்லாது என்று ஒதுக்கிவைத்த வகையில் அது சேராமல் இருக்க வேண்டும். இந்த ஒரு பிரிவைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் 11 முதல் 30 வரை உள்ளவை அதன் விரிவுரை என்பது புரியும்.

வாயால் பேசியது செல்லுமா? எழுதினால்தான் ஒப்பந்தமா?

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். பேருந்தில் ஏறிச் சீட்டு வாங்குவதும், ஓட்டலில் இட்லி சொல்லிச் சாப்பிடுவதும் ஒப்பந்தங்களே. எழுதி வைப்பது நிரூபிக்க உதவும். பொதுவாக, எழுத்து இல்லை என்பதற்காக ஒப்பந்தம் இல்லாமல் போகாது.

சில விஷயங்களுக்கு மட்டும் வேறு சட்டங்கள் எழுத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனைக்குப் பதிவுசெய்த பத்திரம் வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நிலத்தை விற்பதாக எழுதிக்கொள்ளும் கிரய ஒப்பந்தத்தையும் பதிவுசெய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கு 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். "பதினொரு மாதம் எழுதினால் பதிவு வேண்டாம்" என்ற பழைய வழக்கத்தை அந்தச் சட்டத்தைப் படிக்காமல் விடையில் எழுதிவிடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால் செல்லாது என்கிறார்களே?

செல்லும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் இதைத் தெளிவாக்கியது. 1980-ல் எழுதியதாகச் சொல்லப்பட்ட உடன்பாடு, 1973-லும் 1978-லும் வாங்கிய இரண்டு தாள்களில் இருந்தது. ஆறு மாதம் என்ற கெடு, பயன்படுத்தாத தாளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு மட்டுமே. பழைய தாள் சந்தேகத்துக்கு ஒரு காரணமாகலாம், அதனாலேயே பத்திரம் செல்லாமல் போகாது.

ஒருவர் விலை சொன்னாலே அது முன்மொழிவு ஆகிவிடுமா?

ஆகாது. கட்டுப்படத் தயாராக இருக்கிறேன் என்ற விருப்பம் அந்தப் பேச்சில் தெரிய வேண்டும். இதற்கு எல்லோரும் சொல்வது ஜமைக்காவிலிருந்து போன ஹார்வி எதிர் ஃபேசி வழக்கு (1893). நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. குடகு மடிக்கேரியில் 'மார்வன் லாட்ஜ்' என்ற பங்களாவை வாங்க ஒருவர் விரும்பினார். உரிமையாளரிடமிருந்து "பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்து ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்று தந்தி வந்தது. "சரி, பத்தாயிரம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டதால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது வாங்க விரும்பியவரின் வாதம். மக்பெர்சன் எதிர் அப்பண்ணா என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951-ல் அதை ஏற்கவில்லை. இதற்குக் கீழே பேச்சே இல்லை என்றுதான் உரிமையாளர் சொன்னார், பத்தாயிரத்துக்கு விற்கிறேன் என்று சொல்லவில்லை. ஆகவே பத்தாயிரம் தருகிறேன் என்றதுதான் முன்மொழிவு, அதை உரிமையாளர் ஏற்கவில்லை.

கடை அலமாரியில் விலைச்சீட்டோடு வைத்திருக்கும் பொருளும் இப்படித்தான். அது வாங்க வரச்சொல்லும் அழைப்பு. நீங்கள் பில் போடும் இடத்துக்கு எடுத்துப்போவதுதான் முன்மொழிவு.

அப்படியானால் விளம்பரத்துக்கு யாரும் கட்டுப்பட வேண்டாமா?

விளம்பரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. 1892-ல் லண்டனில் முடிவான கார்லில் வழக்கில், புகையுருண்டை என்ற மருந்தை விற்ற நிறுவனம், சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. சொன்னதில் உறுதியாக இருப்பதைக் காட்ட 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகவும் எழுதியது. கார்லில் அம்மையார் பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. அவருக்கு 100 பவுண்டு தர வேண்டியதாயிற்று. வங்கியில் பணம் போட்டோம் என்ற வரிதான் நிறுவனம் தப்ப முடியாமல் செய்தது.

பரிசு அறிவிப்பே தெரியாமல் ஒருவர் வேலையைச் செய்து முடித்துவிட்டார். பரிசு கேட்கலாமா?

சட்டப்படி கேட்க முடியாது. கௌரி தத் என்பவரின் வீட்டிலிருந்து காணாமல்போன உறவுக்காரப் பையனைத் தேட, அவருடைய கணக்குப்பிள்ளை லால்மன் சுக்லா ஹரித்வார் பக்கம் அனுப்பப்பட்டார். அவர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று அறிவிப்பு வெளியானது. அது தெரியாமலேயே அவர் பையனைக் கண்டுபிடித்தார். அலகாபாத் உயர் நீதிமன்றம் 1913-ல் பரிசு இல்லை என்றது. தெரியாத முன்மொழிவை ஒருவர் எப்படி ஏற்றிருக்க முடியும்? அதோடு, தேடிப்போனது அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலையின் பகுதி. படிக்கும்போது மனம் லால்மன் பக்கம்தான் சாய்கிறது. விடைத்தாளில் விதியையும் அதன் காரணத்தையும் எழுதுங்கள்.

ஏற்பு எந்த நொடியில் முழுமையாகிறது? தபால், போன், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் ஒரே விதியா?

இல்லை. மதிப்பெண் அதிகம் பறிபோகும் இடம் இது, பொறுமையாகப் படியுங்கள்.

தபாலுக்கு 4-ஆம் பிரிவு. ஏற்புக் கடிதத்தைத் தபாலில் போட்டவுடன் முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார். ஏற்றவர் கட்டுப்படுவது அந்தக் கடிதம் முன்மொழிந்தவருக்குக் கிடைக்கும்போதுதான். இடையில் கடிதம் பயணத்தில் இருக்கும் நேரத்தில் முன்மொழிந்தவரால் பின்வாங்க முடியாது, ஏற்றவரால் முடியும். செவ்வாய்க்கிழமை ஏற்புக் கடிதத்தைப் போட்டுவிட்டு, மனம் மாறி, அது போய்ச்சேரும் முன்னால் வேண்டாம் என்ற செய்தியை அவருக்குக் கிடைக்கச் செய்துவிட்டால் ஏற்பு ரத்து. இங்கிலாந்துப் பாடநூல்களில் தபாலில் போட்டதுமே இருவரும் கட்டுப்படுகிறார்கள் என்று இருக்கும். இரண்டையும் கலந்து எழுதுவதுதான் வழக்கமான தவறு.

போனில் இந்த விதி கிடையாது. அகமதாபாத் வியாபாரி ஒருவர் காம்காவோனில் இருந்தவரிடம் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்கப் போனில் பேசினார். காம்காவோனிலிருந்து "சரி" என்றார்கள். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது என்ற சண்டை உச்ச நீதிமன்றம்வரை போனது. பகவான்தாஸ் கேடியா வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது: ஏற்பு எங்கே காதில் விழுந்ததோ அங்கேதான் ஒப்பந்தம் உண்டானது, அதாவது அகமதாபாத்தில். நீதிபதி ஹிதாயத்துல்லா மாறுபட்டார். போன் இல்லாத காலத்தில் எழுதிய சட்டமாக இருந்தாலும் அதன் வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த மாறுபட்ட தீர்ப்பையும் படித்துப் பாருங்கள், சட்டத்தை எப்படிப் படிப்பது என்பதற்கே அது நல்ல பயிற்சி.

மின்னஞ்சலில் அல்லது இணையத்தில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதைச் சொல்கிறது.

பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதம் ஆகுமா? "ஏற்கிறேன், ஆனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றால்?

பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன் என்று ஒருவர் மற்றவர்மீது சுமத்த முடியாது. இரண்டாவது கேள்விக்கு 7-ஆம் பிரிவு: ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும். குறைத்துக் கேட்டால் அது எதிர்முன்மொழிவு. பழைய முன்மொழிவு அதோடு முடிந்தது. அப்புறம் "சரி, நீங்கள் முதலில் சொன்ன விலைக்கே" என்று வந்தாலும் மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

மறுபயன் என்றால் என்ன? ஏன் அதற்கு இவ்வளவு முக்கியத்துவம்?

வகுப்பில் கன்சிடரேஷன் என்பார்கள். வாக்குக் கொடுப்பவரின் விருப்பத்தின்பேரில் மற்றவர் செய்வது, செய்யாமல் விடுவது, அல்லது செய்கிறேன் என்று சொல்வது. 2(ஈ) பிரிவில் "விருப்பத்தின்பேரில்" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். துர்கா பிரசாத் எதிர் பல்தேவ் (1880) வழக்கில் ஒருவர் மாவட்ட ஆட்சியர் சொன்னதால் சந்தை கட்டினார். அங்கே கடை போட்டவர்கள் பிறகு கமிஷன் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். பணம் செலவழிந்தது உண்மைதான். ஆனால் அது கடைக்காரர்கள் கேட்டு நடக்கவில்லை, ஆகவே மறுபயன் இல்லை.

நன்கொடை வாக்குறுதி இதற்கு நல்ல சோதனை. ஹௌராவில் நகர மன்றம் கட்ட 100 ரூபாய் தருவதாகப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட ஒருவர் பிறகு மறுத்தார். அந்தப் பட்டியலை நம்பி ஒப்பந்ததாரரிடம் வேலை கொடுத்தாகிவிட்டது. 1886-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் 100 ரூபாய் தர வேண்டும் என்றது. மசூதி பழுதுபார்க்க ஒருவர் 500 ரூபாய் தருவதாகச் சொன்ன, அப்துல் அஜீஸ் எதிர் மாசும் அலி என்ற வழக்கில் (1914) எந்த வேலையும் தொடங்கவில்லை, ஆகவே கட்டாயப்படுத்த முடியவில்லை. கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் பெயர் எழுதும் நம் ஊர்களில் இந்த இரண்டு தீர்ப்புகளும் நேரடியாகப் பயன்படும்.

மறுபயன் போதுமானதா என்று நீதிமன்றம் எடை போடாது. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க மனமொப்பிச் சம்மதித்தால் அது ஒப்பந்தமே என்று 25-ஆம் பிரிவின் உதாரணம் சொல்கிறது. சம்மதம் சுதந்திரமானதுதானா என்று பார்க்கும்போது மட்டும் அந்தக் குறைந்த விலை ஒரு தடயமாகும்.

மறுபயன் இல்லாமலே செல்லுபடியாகும் விதிவிலக்குகளும் அதே 25-ல்தான் இருக்கின்றன. நெருங்கிய உறவினர்களுக்குள் இயல்பான அன்பினால் எழுதிப் பதிவுசெய்தது ஒன்று. அன்பு நிஜமாக இருக்க வேண்டும். ராஜ்லக்கி தேவி வழக்கில் (1900) கணவர் ஜீவனாம்சம் தருவதாக எழுதிப் பதிவுசெய்த பத்திரத்திலேயே அவர்களுக்குள் நடந்த சண்டைகள் எழுதப்பட்டிருந்தன. இதில் அன்பு எங்கே என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாம் நபர் வழக்குப் போடலாமா?

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். மறுபயன் வேறொருவரிடமிருந்து வரலாம். சென்னையின் சின்னய்யா எதிர் ராமய்யா (1882) வழக்கில் ஒரு மூதாட்டி மகளுக்குச் சொத்தை எழுதிவைத்து, தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் கொடுக்கச் சொன்னார். மகளும் அப்படியே தருவதாகத் தனியாக எழுதிக்கொடுத்தார். பிறகு "உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லையே" என்று மறுத்தார். தாய் கொடுத்த சொத்தே போதுமான மறுபயன் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அங்கே வழக்குப் போட்டவருக்கும் மகளுக்கும் நேரடி உடன்பாடு இருந்ததைக் கவனியுங்கள். உடன்பாட்டிலேயே இல்லாதவர் பொதுவாக வழக்குப் போட முடியாது. அறக்கட்டளைப் பயனாளி, குடும்ப ஏற்பாட்டில் பயன்பெறுபவர் போன்றோர் விதிவிலக்கு.

கணவன் மனைவிக்குள் கொடுத்த வாக்கு ஒப்பந்தமா?

பால்ஃபர் எதிர் பால்ஃபர் (1919) வழக்கின் கணவர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறை இயக்குநராக இருந்தவர். விடுமுறையில் இங்கிலாந்து போய்விட்டுத் தனியே திரும்பும்போது, உடல்நலம் கருதி அங்கேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். சட்ட உறவை உண்டாக்கும் எண்ணம் இருவருக்கும் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் மனைவியின் கோரிக்கையைத் தள்ளியது. இந்தியச் சட்டத்தில் இப்படியொரு நிபந்தனை வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பதையும் விடையில் சேருங்கள். இந்த வழக்கை வைத்து ஜீவனாம்ச உரிமையைப் பற்றி முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அது குடும்பச் சட்டத்தின் வேலை.

18 வயது ஆகாதவர் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது என்பதுதான் துல்லியமான பதில். கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற சிறுவர், வட்டிக்கடைக்காரர் பிரம்ம தத்திடம் 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் எழுதிக்கொடுத்தார். அவர் வயது நிரம்பாதவர் என்று தாயார் முன்கூட்டியே கடைக்காரரின் முகவருக்குத் தகவல் கொடுத்திருந்தார். மோஹரி பீபி வழக்கு என்று சொல்லப்படும் இதில், பிரிட்டிஷ் ஆட்சியில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1903-ல் அடமானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச்சொல்லவும் மறுத்தது.

இதிலிருந்து பல விளைவுகள் வருகின்றன. வயது வந்த பிறகு பழைய ஒப்பந்தத்தை உறுதிசெய்ய முடியாது. இல்லாத ஒன்றை எப்படி உறுதிசெய்வது? ஆனால் சிறுவர் பயன்பெறத் தடை இல்லை. பணத்தை முழுவதும் கொடுத்துவிட்ட சிறுவர் தனக்கு எழுதிக்கொடுத்த அடமானத்தை நிறைவேற்றக் கேட்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ராகவாச்சாரியார் வழக்கில் தீர்ப்பளித்தது. உணவு, உடை, படிப்பு போன்ற அவசியத் தேவைகளைக் கொடுத்தவர் 68-ஆம் பிரிவின்படி சிறுவரின் சொத்திலிருந்து ஈடுபெறலாம். சிறுவர் நேரில் கடனாளி ஆகமாட்டார். சொத்தே இல்லையென்றால் கொடுத்தவருக்கு நஷ்டம்தான்.

சம்மதம் "சுதந்திரமானது" என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று, பிழை ஆகிய ஐந்தில் எதுவும் இருக்கக்கூடாது. பட்டியல் சுலபம். ஒவ்வொன்றும் நிஜ வாழ்க்கையில் என்ன முகத்தோடு வருகிறது என்பதில்தான் சிரமம்.

வற்புறுத்தலுக்கு 1889-ஆம் ஆண்டின் சென்னை வழக்கு ஒன்றை மறக்க முடியாது. 13 வயது விதவைப் பெண், ரங்கநாயகம்மா. கணவரின் உடல் வீட்டில் கிடக்க, உறவினர்கள் ஒரு பையனைத் தத்தெடுத்தால்தான் உடலை எடுக்க விடுவோம் என்று தடுத்தார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். அந்தத் தத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. இன்னொன்று, சிக்கம் அம்மிராஜு வழக்கு (1917). தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியையும் மகனையும் தன் சகோதரருக்குச் சொத்துரிமையை விட்டுக்கொடுத்து எழுதவைத்தார் ஒருவர். தற்கொலை முடிந்துவிட்டால் தண்டிக்க யாரும் இல்லை, அதனால் அது சட்டம் தடுத்த செயல் ஆகாது என்பது எதிர்வாதம். பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஒரு நீதிபதி மாறுபட்டார்.

தகாத செல்வாக்கில் மிரட்டல் இருக்காது. ஒருவர் மற்றவரின் மனத்தை ஆளும் இடத்தில் இருக்கிறார், அந்த இடத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்துகிறார். குருவும் சீடரும், மருத்துவரும் நோயாளியும், முதுமையில் கவனித்துக்கொள்ளும் உறவினரும் முதியவரும். பேரம் வெளிப்படையாக அநியாயமாக இருந்தால், அப்படிச் செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமை ஆளும் இடத்தில் இருப்பவர்மேல் விழுகிறது.

மோசடியில், பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. ஏலத்தில் நோயுள்ள குதிரையை விற்பவர் எதுவும் சொல்லாமல் இருந்தால் அது மோசடி அல்ல. வாங்குபவர் அவருடைய சொந்த மகள், அவளுக்கு இப்போதுதான் வயது வந்தது என்றால், சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது. 17-ஆம் பிரிவின் உதாரணங்கள் இவை.

பிழை இருவருக்கும் பொதுவாக, ஒப்பந்தத்துக்கு அடிப்படையான உண்மையில் இருந்தால் உடன்பாடு செல்லாது. ஒருவர் மட்டும் தவறாக நினைத்துக்கொண்டது அதனாலேயே ஒப்பந்தத்தைக் குலைக்காது.

"செல்லாதது", "ரத்து செய்யத்தக்கது" இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. சிறுவரின் உடன்பாடு செல்லாதது, யார் விரும்பினாலும் உயிர் பெறாது. மோசடியால் பெற்ற ஒப்பந்தம் ரத்து செய்யத்தக்கது. ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் விலகலாம், லாபமாகத் தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம். அவர் விலகும்வரை அது முழு ஒப்பந்தம்.

வேலைக்குச் சேரும்போது எழுதிக்கொடுக்கும் பாண்டு செல்லுமா? விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்கிறார்களே?

இரண்டு தனித் தனிக் கேள்விகள். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு 27-ஆம் பிரிவின்படி செல்லாது. தடை நியாயமானதா என்று இங்கிலாந்தில் பார்ப்பதுபோல் நம் பிரிவு பார்க்கச் சொல்லவில்லை. வேலையில் இருக்கும் காலத்தில் இன்னொருவரிடம் வேலை செய்யக்கூடாது என்பது செல்லும், விலகிய பிறகும் நீளும் தடை பொதுவாகச் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான பெர்செப்ட் டி'மார்க் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் இதே நிலையை எடுத்தது.

குறைந்தபட்சம் இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பணம் என்ற பாண்டு வேறு. விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஆளெடுக்கச் செய்யும் செலவையும் அந்தப் பதவியின் சம்பளத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதனால் எல்லா நிறுவனங்களின் எல்லாப் பாண்டுகளும் செல்லும் என்று இதிலிருந்து எழுதிவிடக்கூடாது. சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு பயமுறுத்தும் இடங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒப்பந்தம் போட்ட பிறகு நிறைவேற்றவே முடியாமல் போனால்?

56-ஆம் பிரிவு. தொடக்கத்திலேயே முடியாததும் (மந்திரத்தால் புதையல் எடுப்பதாகச் செய்த உடன்பாடு சட்டத்தின் சொந்த உதாரணம்) பின்னால் முடியாமல் போவதும் இதில் அடக்கம். ஆனால் செலவு கூடிவிட்டது, லாபம் போய்விட்டது என்பது முடியாமை ஆகாது. சத்யபிரத கோஷ் வழக்கில், இரண்டாம் உலகப்போரில் கல்கத்தாவில் மனைகளுக்கான நிலத்தை அரசு தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் அதனால் முடிந்துவிடவில்லை என்றது உச்ச நீதிமன்றம். இந்தோனேசிய நிலக்கரியின் விலை ஏறியதற்காக மின் நிறுவனங்கள் 56-ஐக் காட்டியபோதும் 2017-ல் அதே பதில்தான்.

மீறினால் எவ்வளவு இழப்பீடு கேட்கலாம்?

மீறலால் இயல்பாக வரும் நஷ்டத்தையும், ஒப்பந்தம் செய்யும்போதே இது நேரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டத்தையும் கேட்கலாம். தொலைவான நஷ்டம் கிடைக்காது. 73-ஆம் பிரிவுக்குச் சென்னை இரயில்வே எதிர் கோவிந்தராவ் (1898) வழக்கைவிடப் பொருத்தமான விளக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு தையல்காரர் திருவிழா நடக்கும் ஊரில் நல்ல வரும்படி கிடைக்கும் என்று தையல் இயந்திரத்தையும் துணியையும் இரயிலில் அனுப்பினார். இரயில்வேயின் தவறால் சாமான் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது, திருவிழா முடிந்துவிட்டது. போன லாபத்தை அவர் கேட்டார். திருவிழாவுக்காக அனுப்புகிறேன் என்று இரயில்வேக்கு அவர் சொல்லவில்லை, ஆகவே அந்த லாபம் கிடைக்கவில்லை. சொல்லியிருந்தால் நிலைமை வேறு.

நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள நியாயமான முயற்சி செய்தாரா என்றும் நீதிமன்றம் பார்க்கும்.

வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்தேன். வாங்காவிட்டால் முழுத் தொகையும் போய்விடும் என்று எழுதியிருக்கிறது. போய்விடுமா?

முழுவதும் போக வேண்டியதில்லை. ஃபதே சந்த் வழக்கில் (1963) டெல்லிச் சொத்து ஒன்றின் விலை 1,12,500 ரூபாய். 1,000 முன்பணம், பிறகு 24,000. வாங்குபவர் தவறியதும் விற்பவர் 25,000-ஐயும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். முன்பணம் 1,000-ஐ வைத்துக்கொள்ளலாம், நஷ்டத்தை நிரூபிக்காமல் 24,000-ஐ வைத்துக்கொள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை 74-ஆம் பிரிவின்படி உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

பணம் வேண்டாம், சொன்னபடி எழுதிக்கொடுக்கச் சொல்ல முடியுமா?

முடியும். அது 1963-ஆம் ஆண்டின் தனிநிலைத் தீர்வுச் சட்டத்தில் வருகிறது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இது நீதிமன்றத்தின் விருப்புரிமை, இப்போது சட்டம் சொல்லும் விதிவிலக்குகளைத் தவிர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும். பழைய நூல்களை வைத்துப் படிப்பவர்கள் கவனிக்கவும்.

நான் இலங்கையில் அல்லது மலேசியாவில் படிக்கிறேன். இது எனக்குப் பயன்படுமா?

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியது. எண்கள் மட்டும் சற்று நகரும்: இங்கே 25 அங்கே 26, இங்கே 56 அங்கே 57. இலங்கை வேறு. அங்கே ஒப்பந்தத்துக்கு அடிப்படை ரோமன்-டச்சு சட்டம். மறுபயனுக்குப் பதில் நியாயமான காரணம் இருந்தால் போதும், ஆகவே மேலே சொன்ன நன்கொடை வழக்குகளை அங்கே அப்படியே பொருத்த முடியாது.

சம்பவக் கேள்விக்கு எப்படி விடை எழுதுவது?

ஒன்றைச் செய்து பார்ப்போம். 17 வயது ராமு 40,000 ரூபாய்க்குப் பழைய பைக் வாங்க ஒப்புக்கொண்டு, 10,000 கொடுத்து எடுத்துப்போகிறான். மீதியைக் கேட்டதும் மறுக்கிறான். விற்றவர், எஞ்சின் பழுதானதை மறைத்திருந்தார். பலர் உடனே மோசடி, மறைத்தல், 17, 19 என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வரிசையில் போங்கள். உடன்பாடு உண்டானதா? ஆம். நிற்குமா? தகுதி இல்லை, 11-ஆம் பிரிவு, மோஹரி பீபி. இங்கேயே முடிந்துவிட்டது, ரத்து செய்ய ஒப்பந்தமே இல்லை. மீதி 30,000-ஐக் கேட்க முடியாது. பைக் ஒரு சிறுவனுக்கு அவசியத் தேவையா என்று 68-ஐ எழுப்பி, அவனுடைய வாழ்க்கைநிலையைப் பொறுத்தது என்று எழுதுங்கள். பைக் அவன் கையில் இருந்தால் திருப்பித் தரச்சொல்ல முடியுமா என்பதையும் தொடுங்கள். மோசடிக்கு ஒரு வரி போதும்.

மீறலுக்கு எத்தனை காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

மீறிய நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி. கடனுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டாலும் ஒரு வழி உண்டு. கடன்பட்டவர் அந்தக் கடனைத் தருவதாகப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 25-ஆம் பிரிவின் மூன்றாவது விதிவிலக்கின்படி அது மறுபயன் இல்லாமலே நல்ல ஒப்பந்தம். வாயால் சொன்னால் போதாது.